கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாமலிருப்பதற்கு என்ன சொல்?

திருவாரூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பைத்தான் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நிரல் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் 'கெட்பாஸ்' பகுதியில் நிற்கிறேன். முனையத்தில், அதாவது ஆணைகளைத் தட்டும் திரையில், கடவுச்சொல்லைத் தட்டினால் எழுத்தும் வராது, புள்ளியும் வராது. விசைப்பலகை போச்சு என்று பிள்ளைகள் மறுபடி மறுபடி தட்டுகிறார்கள். கடைசியில் தவறான கடவுச்சொல் என்று வருகிறது. இந்த 'எக்கோ ஆஃப்' நிலைக்கு ஒரு சொல் தாருங்கள். இப்போதைக்கு 'மறையுள்ளீடு' என்று எழுதியிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:
ஐயா, மறை என்றதும் நம் பக்கத்தில் வேதம்தான் நினைவுக்கு வரும். வேதாரண்யமே திருமறைக்காடுதானே? வேதங்கள் பூசித்து அடைத்துவைத்த கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது அத்தலத்து வரலாறு. கடவுச்சொல்லுக்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா! சொல்லுக்கு வருகிறேன். 'கரத்தலும் ஆற்றேன்' என்கிறது குறள் (1162). ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைப்பதைத் தண்டியலங்காரம் கரந்துறைச் செய்யுள் என்கிறது. 'கரவுள்ளீடு' என்க.

மன்னார்குடியிலிருந்து:
கரவு என்றால் வஞ்சனை, கரவடம் என்றால் களவு. கடவுச்சொல் பாடத்தில் அதைப் போட்டால் திருடக் கற்றுக்கொடுப்பதாகப் படும். தவிர, உள்ளீடு எங்கும் ஒளியவில்லை. தட்டிய விசை நிரலுக்குப் போய்ச் சேருகிறது. அதைத் திரைக்குத் திருப்பி அனுப்பும் வேலையை மட்டும் முனைய இயக்கி நிறுத்திவைக்கிறது. வாய்க்கால் மதகை இறக்கினாலும் ஆற்றில் தண்ணீர் ஓடத்தானே செய்யும்? வகுப்பில் இப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். 'எதிரொலி நிறுத்தம்' போதும்.

தஞ்சாவூரிலிருந்து:
ஒலியே இல்லாத இடத்தில் எதிரொலி ஏது?

கும்பகோணத்திலிருந்து:
இங்கே இரண்டு செய்திகள் கலந்துவிட்டன. ஒன்றுமே காட்டாதது வேறு, எழுத்துக்குப் பதில் உடுக்குறி (*) காட்டுவது வேறு. உடுக்குறி வந்தால் கடவுச்சொல் எத்தனை எழுத்து என்று பக்கத்தில் நிற்பவர் எண்ணிவிடலாம். பைத்தான் 3.14இல் கெட்பாஸுக்கே அந்த வசதி வந்துவிட்டதால் இரண்டு சொல் கட்டாயம் வேண்டும். முன்னதற்குக் 'காட்டா உள்ளீடு', பின்னதற்கு 'குறிமூடிய உள்ளீடு'.

தஞ்சாவூரிலிருந்து:
காட்டாதது முனையம். உள்ளீட்டின் மேல் அந்த வினையை ஏற்றலாமா?

கும்பகோணத்திலிருந்து:
தாராளமாக. உண்ணாச் சோறு என்றால் சோறா உண்ணவில்லை? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் செயப்படுபொருளையும் கொள்ளும். எழுதும்போது பிரித்தே எழுதுங்கள். 'காட்டாவுள்ளீடு' என்று சேர்த்தால் முதலாண்டுப் பிள்ளை தடுமாறும்.

மன்னார்குடியிலிருந்து:
காட்டா உள்ளீடு எனக்குச் சம்மதம். 'குறிமூடிய' இடிக்கிறது. 'குறியிட்ட உள்ளீடு' என்றால் என்ன?

கும்பகோணத்திலிருந்து:
குறியிடுதல் ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது, குழம்பும்.

திருவாரூரிலிருந்து:
நன்றி. 'காட்டா உள்ளீடு' என்று திருத்திவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் எக்கோ ஆஃப் இருக்கும், ஆணையில் அதைத்தான் பார்ப்பார்கள். உடுக்குறிப் பகுதியை இந்தப் பதிப்பில் சேர்க்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து:
அச்சிடுங்கள். கரவுள்ளீட்டை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் கரத்தல் நல்ல பொருளில் வரும் இடங்களைத் தொகுத்து அனுப்புகிறேன்.