உதவி: காத்தவராயன்ங்கற குடும்பப் பேர் வெளிநாட்டுல எங்கெல்லாம் இருக்கு? ஸ்பெல்லிங் மாறி மாறி வருது (அவசரம்)

தேடும்பேரன் | வெள்ளி, இரவு 11:52

வணக்கம். எங்க கொள்ளுத் தாத்தாவோட தம்பி அந்தக் காலத்துல டீத் தோட்டத்துக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல. அவரு வழியில வந்தவங்க காத்தவராயன்ங்கறதையே குடும்பப் பேரா வச்சிருக்காங்க, ஆனா இங்கிலீஷ்ல வேற என்னமோ மாதிரி எழுதறாங்க. கூகுள்ல போட்டா சாமி கதைதான் வருது. இந்தப் பேரை எந்தெந்த ஊர்ல எப்படியெல்லாம் எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆயாவுக்கு உடம்பு முடியல. அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, சீக்கிரம் வேணும்.

ஹட்டன்மகள் | சனி, காலை 6:10

தேயிலைன்னா எங்க இலங்கை மலையகமாத்தான் இருக்கும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? எந்தக் கங்காணி கூட்டிக்கிட்டுப் போனதுன்னு வீட்டுல யாருக்காவது தெரியுமா? 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துல உரிமை போன பிறகு எங்க ஆக்கள் விண்ணப்பம் விண்ணப்பமா எழுதினாங்க. அந்தப் பழைய படிவங்கள்ல அப்பா பேர், இந்தியாவுல எந்த ஊர் எல்லாம் இருக்கும். பல வீட்டுல இன்னும் தகரப் பெட்டியில வச்சிருக்காங்க.

ஒண்ணு மட்டும் இடிக்குது. எங்க பக்கம் அப்பா பேர் இனிஷியலாத்தான் நிக்கும். ஒரே பேர் தலைமுறை தலைமுறையா குடும்பப் பேரா வந்து நான் பார்த்தது குறைவு.

புதுவைநெய்தல் | சனி, காலை 7:35

குடும்பப் பேர்னு ஒண்ணு நிலைச்சிருந்தா அது பிரெஞ்சு ஆட்சி இருந்த இடம். ரீயூனியன், இல்லன்னா குவாதலூப், மார்த்தினிக். பாண்டியிலயும் காரைக்கால்லயும் கப்பல் ஏறினவங்க அவங்க. அங்க ‘உ’ சத்தத்துக்கு ஓ, யூ ரெண்டையும் சேர்த்துப் போடுவாங்க. ‘ச’வுக்கு எஸ் ரெண்டு தடவை. ஒரே முத்துசாமியைச் சென்னை குமாஸ்தா ஒரு மாதிரி எழுதுவான், பாண்டி குமாஸ்தா வேற மாதிரி எழுதுவான். நீங்க கே-வை விட்டுட்டு சி-ல தேடுங்க. ரீயூனியன்னு நான் அடிச்சுச் சொல்றேன்.

ஏடுதூக்கி | சனி, காலை 9:02

இப்படி அரைகுறையாகக் கேட்டால் அரைகுறையாகத்தான் பதில் வரும் என்று இங்கே பலமுறை எழுதியாயிற்று. நாடு இல்லை, ஆண்டு இல்லை, சொந்த ஊர் இல்லை. “அந்தக் காலம்” என்பது ஆண்டு ஆகாது. காத்தவராயன் என்பது கப்பல் ஏறியவரின் பெயரா, அவருடைய தந்தையின் பெயரா? குடும்பத் தேடலில் இதுதான் முதல் கேள்வி. இது தெரியாமல் எழுத்துக்கூட்டலை ஆராய்ந்து பயன் இல்லை. கேட்பவர் பதில் சொல்லும்வரை மற்றவர்கள் ஊகங்களை நிறுத்தி வைப்பது நல்லது.

குலசாமிவழி | சனி, காலை 10:20

எழுத்தை விடுங்க, சாமியைப் பிடிங்க. காத்தவராயன்னு பேர் வச்சா அந்தச் சாமியைக் கும்பிடற குடும்பம். கழுமரம் ஏறுற திருவிழா நடக்கிற காவிரிக்கரை ஊர்கள்லதான் இந்தப் பேர் அடர்த்தி. தஞ்சாவூர், திருச்சி ஜில்லா ஆட்கள்னு வச்சுக்கிட்டுத் தேடுங்க. ஊர் கிடைச்சா கப்பல் கிடைக்கும்.

ஏடுதூக்கி | சனி, காலை 10:41

அயோத்திதாசப் பண்டிதருக்குப் பெற்றோர் இட்ட பெயரே காத்தவராயன்தான். அவர் பிறந்தது 1845-இல். அவர் குடும்பம் காவிரிக்கரைக் குடும்பமா? அந்த நூற்றாண்டில் மாகாணம் முழுக்கப் புழங்கிய பெயர் இது. பெயரை வைத்து ஜில்லாவைக் கணிக்க முடியாது.

தேடும்பேரன் | சனி, பகல் 1:15

மன்னிக்கணும், வேலையில இருந்தேன். சொந்த ஊர் போளூர் பக்கம். கிராமத்துப் பேரைப் பொதுவுல போட வேண்டாம்னு வீட்டுல சொல்றாங்க. தாது வருஷப் பஞ்சம் (1876-78) முடிஞ்சு சில வருஷத்துல போனாராம். 1930கள்ல வந்த ஒரு லெட்டர் இருக்கு. உள்ள தமிழ், கையெழுத்து “கா. முனுசாமி”. கவர்ல அனுப்பினவர் பேர் இங்கிலீஷ்ல எம் போட்டு சி, ஏ, டி, ஹெச், ஏ, ஆர், ஓ, ஒய், ஏ, என். தபால் முத்திரையில ஸ்டேஞ்சர்னு படிக்க முடியுது. அது எந்த நாடுன்னு எங்களுக்குத் தெரியல.

ஹட்டன்மகள் | சனி, பகல் 1:22

ஸ்டேஞ்சர் இலங்கையில இல்லை. எந்த டி? டைகர் டி-யா, டாக் டி-யா?

தேடும்பேரன் | சனி, பகல் 1:24

டைகர்.

டர்பன்திரும்பியவன் | சனி, பகல் 2:50

தம்பி, ஸ்டேஞ்சர் தென்னாப்பிரிக்கா. டர்பனுக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டின கரும்புச் சீமை. 2006-ல குவாடுகூசான்னு பேர் மாத்திட்டாங்க, அதனாலதான் புது வரைபடத்துல உங்களுக்குக் கிடைச்சிருக்காது. அந்தக் காலத்துல அந்தச் சீமை நேட்டால்ங்கற பிரிட்டிஷ் காலனி.

டீத் தோட்டம்னு உங்க வீட்டுல சொன்னதை யாரும் தள்ளிடாதீங்க. நேட்டால்னாலே எல்லாரும் கரும்புன்னுதான் நினைப்பாங்க. ஆனா ஸ்டேஞ்சர் பக்கத்துல கியர்ஸ்னின்னு ஒரு எஸ்டேட், ஹூலெட்ங்கற முதலாளி 1877-ல அங்க தேயிலை போட்டார். கொழுந்து கிள்ளினது நம்ம ஜனங்க. 1911-ல இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலி அனுப்புறது நின்னதும் அந்தத் தேயிலைத் தொழிலும் படுத்துடுச்சு. தாது பஞ்சம், டீ, ஸ்டேஞ்சர் மூணும் ஒண்ணோடொண்ணு பொருந்துது. நான் அங்க சில வருஷம் வேலை பார்த்தவன், அந்தச் சாலையில போயிருக்கேன்.

அங்க குடும்பப் பேர் உருவான விதமே வேற. நாயுடு, பிள்ளை, முதலியார், படையாச்சி, கவுண்டர்னு பட்டம் இருந்தவங்களுக்குப் பட்டமே குடும்பப் பேராச்சு. முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். பட்டம் இல்லாதவங்களுக்கு அப்பா பேரோ தாத்தா பேரோ அப்படியே நின்னுடுச்சு. உங்க முனுசாமிக்கு காத்தவராயன் நின்னது இப்படித்தான்.

புதுவைநெய்தல் | சனி, பகல் 3:30

கோவெண்டர் கவுண்டர் இல்ல. கோவிந்தன்ல இருந்து வந்தது. கோவிந்தர், கோவெண்டர். காதுக்கே தெரியுதே.

டர்பன்திரும்பியவன் | சனி, பகல் 3:44

அங்க இருக்கிற கோவெண்டர் வீட்டுப் பெரியவங்களே கவுண்டர்னுதான் சொல்றாங்க.

குலசாமிவழி | சனி, மாலை 4:05

பெரியவங்க சொன்னா ஆச்சா? கப்பல் ஏத்தறதுக்கு முன்னால பேர் பதிஞ்ச டிப்போவுல பட்டத்தை மாத்திச் சொன்னவங்க எத்தனையோ பேர். ஊர்ல ஒரு சாதி, கப்பல்ல வேற சாதி. கோவெண்டர்னு இருக்கிறவங்க எல்லாரும் கொங்குநாட்டுக்காரங்கன்னு எடுத்துக்கிட்டா தப்பாப் போயிடும். வடாற்காடு, செங்கல்பட்டு ஆட்களும் அதுல உண்டு.

புதுவைநெய்தல் | சனி, மாலை 4:18

அதைத்தான் நானும் சொல்றேன். வடாற்காட்டுல கோவிந்தன்னு பேர் வைக்காத வீடு உண்டா? திருப்பதி பக்கத்துல இருக்கு.

டர்பன்திரும்பியவன் | சனி, மாலை 4:31

வடாற்காட்டுல கவுண்டர் பட்டமும் உண்டு சார். வன்னியர்ல கவுண்டர்னு போட்டுக்கிறவங்க ஜவ்வாது மலை அடிவாரம் பூரா இருக்காங்க. கொங்குநாடு மட்டும்தான் கவுண்டரா?

தேடும்பேரன் | சனி, மாலை 5:00

ஐயா, எங்க வீட்டுல கோவெண்டர் யாரும் இல்ல. காத்தவராயனைப் பத்திச் சொல்லுங்களேன்.

நிரலாளன் | சனி, மாலை 5:40

தேடுபொறி ஏன் கைவிடுதுன்னு நான் சொல்றேன். வம்சாவளித் தளங்கள் பலதுல ஒரே மாதிரி ஒலிக்கிற பேர்களை ஒண்ணு சேர்க்க சவுண்டெக்ஸ்னு ஒரு முறை உண்டு. 1918-ல அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினது. முதல் எழுத்தை அப்படியே வச்சுக்கிட்டு, அடுத்து வர்ற மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுத்து, மூணு எண்ணோட நிறுத்திடும். உயிரெழுத்து, ஹெச், டபிள்யூ, ஒய் எதுக்கும் எண் கிடையாது.

இப்ப உங்க பேரைப் பாருங்க. கே-ல தொடங்கி வி போட்டு எழுதினா கே316. அந்த வி-யை டபிள்யூ-வா எழுதிட்டா கே365. உங்க கவர்ல இருக்கிற மாதிரி சி-ல தொடங்கி ‘வ’வே இல்லாம எழுதினா சி365. ஒரே குடும்பம் மூணு பெட்டிக்குள்ள போயிடுது. வெள்ளைக்காரப் பேர்களுக்காகச் செஞ்ச முறை இது. நம்ம ‘வ’ வாய்க்குள்ளயே கரைஞ்சு போறதுக்கு அதுல இடம் இல்ல.

அதனால தானியங்கி ஒப்பீட்டை நம்பாதீங்க. தெரியாத எழுத்துக்குப் பதிலா நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடுங்க. டி, ஆர், என் மூணும் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். நடுவுல நட்சத்திரம் வையுங்க. முதல் எழுத்தை கே, சி, ஜி மூணுலயும் மாத்திப் போடுங்க. டைகர் டி-க்குப் பதிலா டாக் டி-யும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. ஒரே குமாஸ்தா நம்ம ‘த’வை ஒரு வரியில அப்படியும் அடுத்த வரியில இப்படியும் எழுதியிருப்பான். கடைசி என் சில சமயம் விழுந்திருக்கும், அதையும் மறக்காதீங்க.

ஏடுதூக்கி | சனி, இரவு 8:15

கேட்டவர் இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார், ஆகவே சொல்கிறேன். நட்சத்திரம் போடுவதெல்லாம் இரண்டாம் பட்சம். நேட்டாலில் பெயரைத் துரத்தக் கூடாது, எண்ணைத் துரத்த வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அது முதல் 1911 வரை சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. காலனி எண் என்பார்கள். 1866-இல் ஆளனுப்புவது நின்று, 1874-இல் மறுபடி தொடங்கியது. தாது வருஷத்துக்குப் பின் என்பதால் உங்களவர் இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தவர். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாக இருக்கும். பின்னால் அவருடைய திருமணம், பிள்ளைகளின் பிறப்பு, முதலாளி மீதான புகார் எல்லாவற்றிலும் இதே எண் தொடர்ந்து வரும். பெயரைப் பத்து விதமாக எழுதினாலும் எண் மாறாது. பட்டியலின் கணினிப் படிவம் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் உள்ளது. குடிபெயர்ந்தோர் காப்பாளர் அலுவலகத்தின் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையக் குறியீட்டில் அந்தக் கோப்புகளின் தலைப்புகளைத் தேடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் பழைய நிலப் பத்திரத்தை எடுங்கள். கொள்ளுத் தாத்தா பெயருக்கு முன்னால் “இன்னார் குமாரர்” என்று இருக்கும். அண்ணனுக்கும் தம்பிக்கும் தந்தை ஒருவரே. அந்தத் தந்தை பெயரும் தாலுகாவும் சேர்ந்து வருகிற வரிகளை மட்டும் பாருங்கள். ஜில்லா “வடாற்காடு” என்றிருக்கும். திருவண்ணாமலை என்று தேடினால் ஒன்றும் வராது; போளூர் அந்த ஜில்லாவுக்குள் வந்தது 1989-இல்தான். போளூரின் எழுத்துக்கூட்டலும் மாறும், ஓ ஒன்றாகவும் இரண்டாகவும் வரும்.

பஞ்சத்தில் வயிற்றுக்காகக் கப்பல் ஏறியவர் எவர் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அதைத் தேடுகிறவர் முழு விவரத்தோடு வந்து கேட்க வேண்டும். நான் கடிந்துகொள்வது அதற்காகத்தான்.

குலசாமிவழி | சனி, இரவு 9:03

எல்லாம் சரி, ஒண்ணை விட்டுட்டீங்க. காத்தவராயன்னு பேர் வச்ச பிள்ளையை ஊர்ல யாராவது முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுண்டா? காத்தான்னுதான் கூப்பிடுவாங்க. டிப்போவுல “உன் பேரென்னடா”ன்னு வெள்ளைக்காரன் கேட்டா பஞ்சத்துல அடிபட்ட ஆள் “காத்தான் சாமி”ன்னு சொல்லியிருப்பான். எழுதினவன் அதையே எழுதியிருப்பான். முழுப் பேரை மகன்தான் பின்னால கௌரவமா எழுதியிருக்கணும். காத்தான்னு தேடுங்க.

ஏடுதூக்கி | சனி, இரவு 9:10

இது பொருத்தமான யோசனை. அந்தப் பெயரில் பலர் வருவார்கள், ஆகவே தந்தை பெயர் இல்லாமல் எவரையும் உறுதி செய்ய வேண்டாம்.

ஹட்டன்மகள் | ஞாயிறு, காலை 7:00

அவர் இனிஷியல் “கா” போட்டுத்தானே கையெழுத்து வச்சிருக்காரு. தமிழ்ல எழுதும்போது நம்ம முறை, இங்கிலீஷ்ல எழுதும்போது அவங்க முறை. அவருக்குத் தம்பி யாராவது இருந்தா அந்த வீட்டுக்கு வேற குடும்பப் பேர் வந்திருக்கவும் வாய்ப்பிருக்கு. முனுசாமியோட பிள்ளைங்களே சிலர் முனுசாமின்னு போயிருக்கலாம். காத்தவராயனை மட்டும் தேடினா பாதி சொந்தம் விட்டுப்போயிடும்.

டர்பன்திரும்பியவன் | ஞாயிறு, காலை 8:25

ரொம்பச் சரி. அங்க முன்சாமி, மூன்சாமின்னு எழுதறாங்க. தில்லையாடி வள்ளியம்மையோட பேரையே பழைய எழுத்துகள்ல பாருங்க, கூடவே அப்பா முனுசாமி முதலியார் பேர் ஒட்டிக்கிட்டு வரும். அந்த மண்ணுல தனிப் பேர் எது, குடும்பப் பேர் எதுன்னு கேட்டவங்களுக்கே புரியல. சாமின்னு முடியுற பேர் நிறைய இருந்ததால இந்தியர் எல்லாரையும் மொத்தமா ‘சாமி’ன்னு கேவலமாக் கூப்பிட்டாங்க, காந்தி சுயசரிதையிலயே எழுதியிருக்கார். படிக்கும்போது வயிறெரிஞ்சுது.

கோவெண்டர் விஷயத்துல நான் சொன்னதுல மாற்றம் இல்ல.

புதுவைநெய்தல் | ஞாயிறு, காலை 8:40

எனக்கும் மாற்றம் இல்ல. தனி இழை திறங்க, அங்க பேசுவோம்.

நிரலாளன் | புதன், இரவு 10:12

தேடும்பேரன், ஏதாவது கிடைச்சுதா?

தேடும்பேரன் | சனி, இரவு 11:30

ஆயா ஆஸ்பத்திரியில இருந்தாங்க, இப்ப வீட்டுக்கு வந்துட்டாங்க. பத்திரத்துல “சடையன் குமாரர்”னு இருந்துது. பட்டியல்ல கே, ஏ, டி, டி, ஏ, என். அப்பா பேர் சடையன், எஸ்-ல எழுதியிருக்கு. வடாற்காடு, தாலுகா போளூர், ஓ ரெண்டு தடவை. கிராமம் எங்க ஊர்தான், ஒரு எழுத்து குறையுது. வயசு 22. புருவத்துல தழும்புன்னு இருக்கு. ஆயாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கவர்ல இருக்கிற ஸ்பெல்லிங்ல இப்ப யாரும் இருக்காங்களான்னு இனிமேதான் பார்க்கணும்.

ஏடுதூக்கி | ஞாயிறு, காலை 6:05

மகிழ்ச்சி. எண்ணைக் குறித்துக்கொண்டீர்களா? அதே கப்பலில் அவருக்கு அடுத்தடுத்த எண்களையும் பாருங்கள். ஒரே தாலுகாவிலிருந்து சேர்ந்து போனவர்கள் பட்டியலில் பெரும்பாலும் அருகருகே இருப்பார்கள். மனைவி நேட்டாலில் கிடைத்தவரா, கூடப் போனவரா என்பது அதில் தெரியக்கூடும். மனைவியின் எண்ணும் கிடைத்தால் முனுசாமியின் பிறப்புப் பதிவைப் பெயர் இல்லாமலே எடுத்துவிடலாம்.