கிழட்டு நாய்க்கு வீடு கொடுத்தவர்கள்

காசிமேட்டுக்காரன்

ரோசியைப் பற்றி எழுதணும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. லாப்ரடார், பெண், பத்து வயதுக்கு மேல் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். குட்டிக்காகவே வைத்திருந்து, இனிமேல் போடாது என்று ஆனதும் மீன்பிடித் துறைமுகம் பக்கம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மடி தொங்கித் தரையைத் தொடும், கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்தே முன்பற்கள் தேய்ந்திருந்தன. இந்த மாதிரி நாயைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. குட்டி என்றால் வளர்க்க ஆள் தேடிப் படம் போட்ட ராத்திரியே போன் வரும், இதற்கு ஒரு போனும் வரவில்லை.

எடுத்துக்கொண்டது துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் ஒரு அக்கா. ஒரே அறை, வீட்டுக்காரர் விசைப்படகில் கூலி. முதல் ராத்திரி நான் கொஞ்ச நேரம் அங்கேதான் இருந்தேன். ரோசி உள்ளே வந்தாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கம்பி வலைமேலேயே காலம் தள்ளிய நாய்க்கு சிமெண்ட் தரை வழுக்குகிறது, பயத்தில் நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு கண்ணைச் சொருகுகிறாள், சாய்கிறாள், திடுக்கென்று மறுபடி நிமிர்கிறாள். அந்த அக்கா ஒன்றும் பேசாமல் ஒரு கோணியை விரித்து, பாதியில் தான் படுத்துக்கொண்டார். ரோசி மீதிப் பாதியை முகர்ந்து பார்த்தாள், முன்னங்காலை மடக்கினாள், ரொம்ப யோசித்துப் பின்பக்கத்தை இறக்கினாள், அப்புறம் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

எனக்கு மனசிலேயே நிற்பது அதுக்கப்புறம் நடந்தது. ஏப்ரலில் தடைக்காலம் வந்தது. 15-ஆம் தேதியிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வெட்ட மீன் இருக்காது, துறைமுகத்து நாய் பூனைக்கும் பட்டினிதான். கஷ்டமாக இருக்குமே என்று, ரோசியைக் கொஞ்ச நாள் நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ரேஷன் அரிசி ஆக்கும்போது அதுக்கும் சேத்துத்தானே போடுறேன், இப்ப என்னா புதுசா கேக்குற?" என்றார். கோபமே இல்லை, நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. ரோசி கடைசி வரை அந்த வீட்டில் இருந்துதான் கண்ணை மூடினாள். நாயைக் காப்பாற்றினவர்களைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், கடைசி வரை வைத்துக்கொண்டவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வியாசர்பாடி பொண்ணு

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் தண்ணி எவ்வளவு நின்றது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். தெரு நாய், கருத்தடை செய்த அடையாளமாகக் காது நுனி வெட்டியது, இரண்டு கண்ணிலும் புரை. ஹவுசிங் போர்டு மாடிப்படியில் நடுங்கிக்கொண்டு ஒதுங்கியிருந்ததை இரண்டாவது மாடி அங்கிள் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தண்ணி வடிந்த பிறகும் கீழே இறக்கிவிடவில்லை. மணி என்று பெயர் வைத்தார்.

மணிக்கு ராத்திரி ஆனால் நடக்க வேண்டும். சுவர் ஓரமாகவே போய்ப் போய், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு, பின்னால் வரத் தெரியாமல் அப்படியே நிற்கும். மனிதர்களுக்கு வருகிற மறதி நோய் வயதான நாய்க்கும் வரும் என்று டாக்டர் சொன்னாராம். அவர் மகள் என் தோழி, ஒரு நாள் அங்கே தங்கினேன். மணி மாட்டிக்கொண்டதும் அங்கிள் எழுந்தார், லைட் போடவில்லை, இருட்டிலேயே போய் அதன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகப் பின்னால் எடுத்து, வாசல் பக்கம் திருப்பி விட்டுவிட்டு வந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி மாட்டிக்கொண்டது, மறுபடி எழுந்தார். காலையில், பீரோவை நகர்த்திப் போட்டுவிடலாமே அங்கிள் என்றேன். "வேணாம்மா, அதுக்கு வீடு மனப்பாடம். நகர்த்துனா குழம்பிடும்" என்றார். தூக்கம் கெடுவதை அவர் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

தண்டையார்பேட்டை வாசகர்

முதலில் எழுதிய தம்பிக்கு. மனசு நோகச் சொல்லவில்லை, ஆனால் தடைக்காலத்தில் ரேஷன் அரிசியில் ஓடுகிற வீட்டுக்குப் பத்து வயது லாப்ரடாரைக் கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. சோறு போட்டுவிடலாம், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஆபரேஷன் செலவெல்லாம் யார் பார்ப்பது? வண்ணாரப்பேட்டையில் ஒரு குடும்பம், கைவிடப்பட்ட வயசான பொமரேனியனை ஆசையாகத்தான் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சீழ் வைத்துவிட்டது, பணம் புரட்டுவதற்குள் போய்விட்டது. அந்த வீட்டுப் பையன் கிளினிக் வாசலில் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன், இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பாசம் இருக்கிறது என்பதற்காக மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

பெரம்பூர் லோகோ

தண்டையார்பேட்டை அண்ணா, பணம் இருக்கிற வீட்டுக் கதையையும் கேளுங்கள். லிஃப்ட் வைத்த அபார்ட்மெண்ட், தாங்களாகவே எங்களைத் தேடி வந்துதான் ஒரு வயசான பீகிளை வாங்கிப் போனார்கள். வீட்டுக்குள் மூத்திரம் போகிறது என்று ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குக் கிட்னி சரியில்லை, நிறைய தண்ணி குடிக்கும், அடக்க முடியாது, இதெல்லாம் கொடுக்கும்போதே சொன்னோம். கார் கிளம்பிப் போன பிறகும் கேட் கம்பிக்கு நடுவில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் அதை எடுத்தது கொருக்குப்பேட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். பகலில் வண்டிக்கு அடியில் படுக்கை, ராத்திரி வீடு. மருத்துவச் செலவை நாங்கள் நாலு பேர் பிரித்துக்கொண்டோம். செலவைக் காட்டி இந்த மாதிரி வீடுகளை ஒதுக்க வேண்டியதில்லை, செலவைப் பிரித்துக்கொள்ள ஆள் சேர்த்தால் போதும்.

இனிமேல் எடுக்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எடுத்த வாரமே ரத்தம் பரிசோதித்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது, அங்கே காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஈறு வெளுத்துப் போயிருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்குக் கொடுக்கிற டாக்சிசைக்ளின் வழக்கமாக நாலு வாரம், பத்து நாளில் தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்த சில வாரத்தில் தண்ணியாகக் குடித்துக்கொண்டு, சாப்பிடாமல், வாந்தி எடுத்தால் அன்றைக்கே ஓடுங்கள். வெளியே ஒன்றும் வடியாமலேயே உள்ளே சீழ் கட்டியிருக்கும். அண்ணா சொன்ன பொமரேனியனுக்கு வந்தது இதுதான், எடுத்ததுமே கருத்தடை ஆபரேஷன் செய்திருந்தால் வந்தே இருக்காது. நொண்டுகிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், புரூஃபென் எதையும் கொடுக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. டைல்ஸ் தரை என்றால் கோணி போடுங்கள், காசிமேட்டு அக்கா போட்டாரே அது மாதிரி.

இன்னொன்று முக்கியம். ஒரு நாள் காலையில் நாய் திடீரென்று எழுந்திருக்க முடியாமல், தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு, விழுந்து விழுந்து வாந்தி எடுத்தால், பக்கவாதம், கதை முடிந்தது என்று கருணைக்கொலை ஊசி போடச் சொல்லிவிடாதீர்கள். உள்காதில் சமநிலை கெட்டுப்போவதால் வயதான நாய்களுக்கு இது வரும், பெரும்பாலும் சில நாளில் குறைய ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் நடந்துவிடும். காதில் சீழ் கீழ் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அந்த பீகிளுக்கே வந்தது. இஸ்திரிக்காரர் இரண்டு துணி மூட்டைக்கு நடுவில் அதை விழாமல் உட்கார வைத்து, கரண்டியால் தண்ணி புகட்டினார். பிழைத்துக்கொண்டது, தலை மட்டும் கடைசி வரை கொஞ்சம் சாய்ந்தே இருந்தது.

பழைய வண்ணை

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. நீங்கள் எல்லோரும் கிழட்டு நாய் என்று எழுதுகிறீர்கள், என் சின்ன வயதில் தெருவில் கிழட்டு நாயைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. அது வரைக்கும் விட்டால்தானே. நாய் வண்டி வரும், சுருக்குப் போட்டு இழுத்துப் போவார்கள், பேசின் பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோய்க் கரண்ட் வைத்துக் கொல்வார்கள். 1996-ல்தான் மாநகராட்சி அதை விட்டுவிட்டுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது, அந்த வழியை விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ்காரர்கள் 1964-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டி தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டால் எங்கள் அம்மா வாசலில் கிடக்கும் நாயை இழுத்து அடுப்படிக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். குரைத்துவிடக் கூடாது என்று அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள், முந்தானையெல்லாம் எச்சில் ஒழுகும். அப்படியும் அவள் ஊருக்குப் போயிருந்த சமயத்தில் பிடித்துப் போய்விட்டார்கள். மணியைப் பற்றி அந்தப் பெண் எழுதியதைப் படித்ததும் அம்மா இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேனே என்று இருந்தது.

காசிமேட்டுக்காரன்

தண்டையார்பேட்டை அண்ணா, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ரோசிக்கு மடியில் கட்டி இருந்தது, ஆபரேஷன் ஆனது. ஆட்டோவில் நாயை ஏற்ற மாட்டேன் என்பார்கள், அதனால் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வேப்பேரிக்குக் கூட்டிப் போவோம். செலவை எங்கள் குழு பார்த்துக்கொண்டது. அக்கா ஒவ்வொரு முறையும் தன் பங்கு என்று, சுருட்டி வைத்த நூறு ரூபாய் நோட்டை என் சட்டைப் பையில் திணிப்பார், வேண்டாம் என்றால் விடவே மாட்டார்.

இப்போது மூலக்கொத்தளம் பக்கம் ஒரு பொமரேனியன் இருக்கிறது. ஆண், வயதானது, வீடு காலி செய்து போனவர்கள் விட்டுவிட்டுப் போனது. ஒரு கண் தெரியாது, ஆள் ரொம்ப சாது. தடுப்பூசி போட்டாயிற்று, ரத்தமும் பார்த்தாயிற்று, மருந்துச் செலவு எங்களுடையது. ஒற்றை அறை வீடாக இருந்தாலும் சரி. அண்ணா, உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் சொல்லுங்கள், வீட்டை நீங்களே நேரில் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கொடுக்கிறோம்.