ஆங்கிலத்தில் பை (by), அன்டில் (until): எங்கே எது?

பனியன்கம்பெனி_ஆள்:
திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ‘வி வில் சென்ட் த சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே’ என்று பையருக்கு ஒரு மெயில். மேனேஜர் அன்டிலை அடித்துவிட்டு ‘பை’ போட்டார். ஏன் என்று கேட்டால், “அப்படித்தான்” என்கிறார். யாராவது விளக்குங்களேன்.

மாடிவீடு:
தமிழில் சொல்லிப் பாருங்கள். வெள்ளிக்குள் என்றால் பை. வெள்ளி வரை என்றால் அன்டில். உங்கள் வரியைப் படித்தால் வெள்ளி வரை தினம் ஒரு பார்சல் வருமென்று பையர் காத்திருப்பார். ‘த ஆபீஸ் இஸ் ஓபன் அன்டில் சிக்ஸ்’ சரி, ஆறு வரை திறந்தே இருக்கிறது அல்லவா. அப்புறம், ‘க்குள்’ என்றதும் ‘வித்தின் ஃப்ரைடே’ என்று போட்டுவிடாதீர்கள் (பாதிப் பேர் போடுகிறார்கள்). வித்தினுக்குப் பின்னால் கால அளவு வரவேண்டும்: வித்தின் டூ டேஸ்.

பனியன்கம்பெனி_ஆள்:
சரிங்க அண்ணா. ‘அன்டில் யு டோன்ட் பே, வி கான்ட் ஷிப்’, இது? எங்கள் அக்கவுண்ட்ஸில் இப்படித்தான் போகிறது.

மாடிவீடு:
‘பணம் கட்டாத வரை’யை அப்படியே இறக்கிவிட்டார்கள். டோன்ட்டைத் தூக்குங்கள். ‘வி கான்ட் ஷிப் அன்டில் யு பே.’

கணக்குப்பிள்ளை:
பை ஃப்ரைடே என்றால் பொதுவாக வெள்ளியும் சேர்த்திதான். ஆனால் யார் ஊர் வெள்ளி? நியூயார்க்கில் வெள்ளி மாலை 5 மணி என்றால் நமக்குச் சனி அதிகாலை. மணியையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள் தம்பி.