ராரோடோங்கா: அப்பா அம்மாவோடு ஒரு வாரம், எந்தக் கரையில் தங்கலாம்?

ஆக்லாந்துவாசி:
ஜூலை பள்ளி விடுமுறையில் குக் தீவுகளின் முக்கியத் தீவான ராரோடோங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், 7 வயதுப் பையன், கோவையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா, அம்மா. அம்மா சுத்த சைவம். சனிக்கிழமை காலை 9 மணி விமானம், ரூம் சனி முதல் அடுத்த சனி வரை என்று பார்த்து வைத்திருக்கிறேன். எல்லோரும் தென்கிழக்குக் கரையில் இருக்கும் முரி பக்கம்தான் தங்கச் சொல்கிறார்கள், சரியா? சுற்றிப் பார்க்க ஸ்கூட்டர் போதுமா?

தேதிக்கோடு:
பணம் கட்டுவதற்கு முன் ரூம் தேதியை மாற்றுங்கள். ஜூலையில் ராரோடோங்கா நியூசிலாந்தைவிட 22 மணி நேரம் பின்தங்கி இருக்கும். சனி காலை 9 மணிக்கு ஏறினால் நாலு மணி நேரப் பயணம், இறங்கும்போது அங்கே வெள்ளி பிற்பகல் 3 மணி. உங்கள் கணக்கில் வெள்ளி ராத்திரிக்கு ரூமே இல்லை. திரும்பும்போது தலைகீழ்: சனி மாலை 4 மணிக்குக் கிளம்பினால் ஆக்லாந்தில் ஞாயிறு மாலை 6 தாண்டிவிடும். டிக்கெட்டில் போட்டிருப்பது எல்லாம் அந்தந்த ஊர் நேரம், அந்தந்த ஊர் தேதி.

அதைவிட முக்கியம் அப்பா அம்மா விசா. குக் தீவுகளுக்குள் போவதில் பெரிய சிக்கல் இல்லை: திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லும் பாஸ்போர்ட் வேண்டும். சிக்கல் திரும்பி வரும்போதுதான். நியூசிலாந்து விசாவில் ஒரு முறை நுழைவு என்று இருந்தால், முதலில் வந்து இறங்கியபோதே அது தீர்ந்துவிட்டது. ராரோடோங்காவில் விமானம் ஏறவே விடமாட்டார்கள். விசாக் கடிதத்தில் பல முறை நுழைவு என்று இருக்கிறதா, திரும்பும் தேதி அந்தக் கெடுவுக்குள் வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் நிபந்தனையை மாற்ற விண்ணப்பித்து, கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை போய் இறங்குவது ஒரு வகையில் நல்லது. சனி காலை தலைநகர் அவருவாவில் புனங்கா நுயி சந்தை. காய், பழம் எல்லாம் அங்கேயே வாங்கிவிடலாம், சீக்கிரம் போனால்தான் நல்லதாகக் கிடைக்கும். ஞாயிறு ஊரே தேவாலயத்தில் இருக்கும், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பஸ்ஸும் குறைவு. ஞாயிற்றுச் சமையலுக்கு வேண்டியதைச் சனியே வாங்கி வையுங்கள்.

பவளத்திட்டு:
முரி அழகுதான், ஆழமும் குறைவு, கயாக்கில் எதிரே இருக்கும் குட்டித் தீவுகளுக்குப் போகலாம். ஆனால் ஜூலையில் தென்கிழக்குக் காற்று நேராக அந்தக் கரையில்தான் அடிக்கும். வயதானவர்கள் மாலையில் வெளியே உட்கார வேண்டும் என்றால் மேற்குக் கரைதான் நல்லது. காற்று மறைவு, சூரிய அஸ்தமனமும் அங்கேதான். தீவைச் சுற்றி 32 கிலோமீட்டர்தான், எங்கே தங்கினாலும் முரிக்குப் போய்வருவது கஷ்டமில்லை.

பையனை வைத்துக்கொண்டு ஒன்றை மறக்காதீர்கள். தெற்குக் கரையில் அவாவரோவா, ருடாக்கி போன்ற இடங்களில் பவளத்திட்டில் வெட்டுகள் இருக்கின்றன. திட்டுக்கு மேலாக அலை உள்ளே கொட்டுகிற தண்ணீர் முழுக்க அந்த வெட்டுகள் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. வெளியே அலை பெரிதாக இருக்கும் நாளில் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். கரையிலிருந்து பார்த்தால் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும், அதுதான் ஆபத்து. இறங்குவதற்கு முன் ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நடக்கிற வேகத்தில் அது கரையோரமாக ஒரே திசையில் ஓடினாலோ, வெளிப்பக்கம் போனாலோ இறங்க வேண்டாம். சிக்கிக்கொண்டால் எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டி, இழுப்புக்குக் குறுக்காக நகர வேண்டும். அங்கே ஆமை பார்க்க ஆசை என்றால் உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும்.

எல்லோருக்கும் ரப்பர் அடி வைத்த கடல் காலணி வாங்குங்கள். விஷ முள் உள்ள கல்மீன் பாறையோடு பாறையாகக் கிடக்கும்.

ஸ்கூட்டர் யோசனையை விடுங்கள். வெறும் கார் லைசென்ஸ் அங்கே ஸ்கூட்டருக்குச் செல்லாது, போலீஸ் நிலையத்தில் ஓட்டிக் காட்டித் தனி அனுமதி வாங்க வேண்டும். அதோடு ஐந்து பேருக்கு எத்தனை ஸ்கூட்டர்? கார் எடுங்கள். நியூசிலாந்து மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும்.

அடுப்படி:
சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள், அம்மாவுக்கு அதுதான் நிம்மதி. ருகாவ் என்று கேட்டுப் பாருங்கள்: சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்தது. சில இடங்களில் டப்பா மாட்டிறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சந்தையில் இலை வாங்கி நீங்களே செய்தால் நன்றாக மசியும்வரை வேகவிடுங்கள், அரைவேக்காடு தொண்டையை அரிக்கும். ஈரப்பலா, சேப்பங்கிழங்கு, பப்பாளி தாராளம். மளிகை பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து கப்பலில் வருவது, விலை கூடுதல். பருப்பு, பொடி வகைகளைப் பிரிக்காத பாக்கெட்டில் எடுத்துப்போய், இறங்கியதும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். தேன், பழம் வேண்டாம். குழாய்த் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

ஆக்லாந்துவாசி:
விசாக் கடிதத்தைப் பார்த்தேன், பல முறை நுழைவு என்றுதான் இருக்கிறது. கார் என்று முடிவாகிவிட்டது. பக்கத்துத் தீவான ஐட்டுடாக்கியை ஒரே நாளில் பார்த்து வரலாமா? பணம் எப்படி?

தேதிக்கோடு:
ஒரே நாளில் முடியும்: காலையில் சின்ன விமானத்தில் 50 நிமிடம், படகில் காயலைச் சுற்றி ஒன் ஃபுட் ஐலண்ட் என்ற குட்டித் தீவு, மாலையில் திரும்பல். படகில் வெயில் கடுமை, அப்பா அம்மாவுக்கு அது நீண்ட நாள். இரண்டு ராத்திரி தங்கினால் நல்லது. எப்படியானாலும் வாரத்தின் நடுவில் வையுங்கள். மழை, காற்றில் விமானம் தள்ளிப்போனால் ஆக்லாந்து விமானத்தைத் தவறவிடக் கூடாது. சீட்டும் கொஞ்சம்தான், சர்வதேச டிக்கெட் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுங்கள். ஒன் ஃபுட் ஐலண்டில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள், பையனுக்குப் பிடிக்கும்.

பணம் நியூசிலாந்து டாலர்தான். மீதிச் சில்லறையாகக் குக் தீவு நாணயங்கள் தருவார்கள், 2 டாலர் முக்கோணமாக இருக்கும். அவை ஆக்லாந்தில் செல்லாது, விமான நிலையத்துக்கு முன்பே செலவழித்துவிடுங்கள். கழுத்தில் போடும் பூமாலையையும் அங்கேயே விட்டுவிடுங்கள். அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால் ஆக்லாந்தில் 400 டாலர் அபராதம்.