எரிந்துபோன அரண்மனையா, பெயர்த்தெடுத்துப்போன அரண்மனையா?

கற்பனைத்தச்சன் (செந்தூல், கோலாலம்பூர்):

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிவரும் மிகைபுனைவு நாவலின் மையம் பாழடைந்த ஓர் அரண்மனை. ஆற்றின் முகத்துவாரத்துக்கு மேலே ஏழு அடுக்காக எழும் குன்றின் உச்சியில், முழுவதும் கருங்கல்லால், அந்தக் கற்பனை உலகின் பேரரசர்கள் அதைக் கட்டினார்கள். கடைசிப் பேரரசன் தோற்ற இரவில் பகைவர் தீ வைத்தார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. அதன்பின் முந்நூறு ஆண்டுகள், சாபத்துக்கு அஞ்சி, எவரும் அங்கே கால்வைக்கவில்லை. இந்த வரலாறு நம்பும்படியாக இல்லை என்று சென்ற சந்திப்பில் பட்டவொர்த் பயணி ஐயா கூறினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் மண்ணிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1216இல் முடிசூடிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, மாடமும் மாளிகையும் மண்டபமும் இடித்து, அந்த நிலத்தைக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாக அவனுடைய மெய்க்கீர்த்தியே, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசப் புகழுரையே, சொல்கிறது. ஒரு பேரரசு விழுவதை மக்கள் ஓர் இரவாகத்தான் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதே என் கருத்து. ஆகவே என் நாவலும் அந்த இரவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பட்டவொர்த் பயணி (பினாங்கு):

தம்பி, உங்கள் உழைப்பில் எனக்குக் குறை ஏதுமில்லை. அரண்மனை எதனால் கட்டப்பட்டது, அது எப்படி மறைந்தது என்ற இரண்டு இடங்களில்தான் கதை தடுமாறுகிறது என்று கருதுகிறேன். கருங்கல் கடுந்தீயில் செதில் செதிலாக வெடிக்கும், உண்மைதான். ஆனால் கருங்கல் சுவர் விடிவதற்குள் மண்ணோடு மண்ணாகாது. கங்கைகொண்ட சோழபுரத்தை எண்ணிப் பாருங்கள். 1025ஆம் ஆண்டளவில் நம் கடாரம்வரை, அதாவது இன்றைய கெடாவரை, கடற்படை அனுப்பிய முதலாம் இராசேந்திரன் எழுப்பிய தலைநகர் அது. கோயில் இன்றும் நிற்கிறது. அதற்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாளிகைமேட்டில், அரண்மனை இருந்த இடத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலும் மீண்டும் 2021இலும் தோண்டியபோது வெளிப்பட்டவை சுட்ட செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, கூரை வேய்ந்த சிறு தட்டையோடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் ஆகியவை. தூண்கள் மரத்தாலானவையாக இருந்திருக்க வேண்டும். அவற்றைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்களில் சில மட்டும் எஞ்சின. கடவுளுக்குக் கல், அரசனுக்குச் செங்கல்லும் மரமும் என்பதே அந்தக் காலத்து முறை. கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோரிலும் இதே நிலைதான்: 1296இல் சீனத் தூதுக்குழுவோடு வந்த சோவ் தாக்குவான் அரண்மனையின் முதன்மைக் கூடத்துக்கு ஈயத்தால் ஓடு வேய்ந்திருந்ததாக எழுதிவைத்தார், இப்போது அங்கே மதிலும் மேடைகளும் கற்கோயிலும் இருக்கின்றன, அந்தக் கூடம் இல்லை.

இரண்டாவது இதைவிட முக்கியமானது. எவரும் முந்நூறு ஆண்டுகள் கால்வைக்காத பாழ் என்று ஒன்று உலகில் இருக்க முடியாது, ஏனென்றால் பக்கத்து ஊரில் யாருக்காவது கல் தேவைப்படும். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருமதிற் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஹரப்பாவின் செங்கற்கள் 1850களில் லாகூர், முல்தான் இருப்புப்பாதைக்கு அடியில் போயின. மலாக்காவில் போர்த்துக்கீசியர் கோட்டை எழுப்பியது மசூதியிலிருந்தும் சுல்தான்களின் கல்லறைகளிலிருந்தும் எடுத்த கற்களால். அந்தக் கோட்டையையும் 1807இல் ஆங்கிலேயர் இடிக்கத் தொடங்க, இன்று ஒரு வாயில்தான் மிச்சம். அரண்மனையின் மெய்யான வரலாறு தீயோடு முடிவதில்லை, தீ அணைந்த மறுநாள் காலையில் முதல் வண்டி குன்றேறும்போதுதான் அது தொடங்குகிறது. உங்கள் குன்றின் அடியிலுள்ள சிற்றூரில் ஒரு கிணற்றின் உறையாவது அரண்மனைச் செங்கல்லாக இருக்க வேண்டாமா?

கற்பனைத்தச்சன்:

ஐயா, கருங்கல்லை விட்டுவிடுகிறேன்; அதில் நீங்கள் சொல்வதே சரி. செங்கல்லும் மரமும் என்று மாற்றினால் தீ இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. கோலாலம்பூரிலேயே 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து பனையோலை வேய்ந்த அத்தாப்புக் குடில்களை வாரிச் சென்ற பிறகுதான், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என்று சிலாங்கூரின் ஆங்கிலேய ஆட்சியராக இருந்த ஸ்வெட்டன்ஹாம் ஆணையிட்டார்; அதற்காகச் சூளைகள் எரிந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். மலாக்கா சுல்தான் மன்சூர் ஷாவின் மரமாளிகை தீப்பிடித்து எரிந்ததாகத்தானே மலாய் வரலாற்று மரபும் சொல்கிறது? ஒரு நகரம் ஓரிரவில் போகும், ஐயா. வண்டி வண்டியாகச் செங்கல் போனது என்று எழுதினால் வாசகர் மனத்தில் துயரம் எங்கே தங்கும்? கல் திருடுபவனைப் பார்த்து எவரும் அழுவதில்லை. அரியணை எரிவதைப் பார்த்து அழுவார்கள்.

ஏட்டுச்சுவடி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்):

தம்பி, பாண்டியனின் மெய்க்கீர்த்தியை நீங்கள் நிகழ்ந்ததன் பதிவேடாகப் படிக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு மறுப்பு. கழுதை பூட்டி உழும் செய்தி அவனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பகைவரின் அகன்ற அரண்களைக் கழுதை ஏரால் உழுது பாழாக்கினான் என்று புறநானூற்றின் 15ஆம் பாட்டு பாடுகிறது. கலிங்கத்துக் காரவேலனின் கல்வெட்டிலும் அதே கழுதை ஏர் வருகிறது. வென்றவன் ஒருவன் தன்னை வென்றவனாகக் காட்டிக்கொள்ளப் பயன்படுத்திய மரபுத்தொடர் அது. பாண்டியனும் அதையே எடுத்து ஆண்டிருக்கிறான். தஞ்சை எரிந்தது என்று கல்லில் வெட்டியிருக்க, 1010இல் நிறைவுற்ற பெரிய கோயில் அதே தஞ்சையில் இன்றும் நிற்பதை எப்படி விளக்குவீர்கள்? தோற்ற சோழனுக்கே நாட்டைத் திருப்பிக் கொடுத்துச் 'சோணாடு வழங்கியருளிய' என்ற பெயரும் அவனே பெற்றான். எரிப்பும் வழங்கலும் ஒரே கையின் இரண்டு பெருமைகள்.

ஆனால் பயணி ஐயாவோடும் நான் முழுமையாக உடன்படவில்லை. தீயே நடக்கவில்லை என்பதுபோல் எழுதுவதும் தவறு. மாளிகைகள் இடிந்தன, சோழர் அரண்மனைகளில் ஒன்றுகூட இன்று கூரையோடு இல்லை. பாண்டியன் இடிக்காமல் விட்டதாக ஒன்றைத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு குறிப்பிடுகிறது: பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசளித்த பதினாறு கால் மண்டபம். எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் நெஞ்சைத் தொடுவது இதுதான். எல்லாம் இடிக்க வந்தவன் ஒரு புலவனின் மண்டபத்தின் முன் நிற்கிறான், நின்று திரும்பிப் போகிறான். தம்பியின் அரண்மனையில் அப்படி ஒரு கூடத்தை ஏன் விட்டுவைக்கக் கூடாது? கோயில் என்ற சொல்லே அரசன் இல்லத்தையும் கடவுள் இல்லத்தையும் குறித்த மொழி நம்முடையது. எதை எரிப்பது, எதை விடுவது என்ற முடிவில்தான் வென்றவனின் மனம் வெளிப்படும்.

தீயா, தேய்வா என்பதை மண்ணே சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். தளத்தின்மேல் கரியும், அதன்மேல் நேராகக் கூரையோடும் கிடந்தால் வீடு எரிந்து ஒரேயடியாக விழுந்தது. தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே மழை கொண்டுவந்த வண்டல் ஒரு சாண் இருந்தால், ஆட்கள் போன பிறகு வெகுகாலம் கூரை வெறுமையின்மேல் நின்றிருக்கிறது. கரையான் தூணைத் தின்ற பிறகே விழுந்திருக்கிறது.

பட்டவொர்த் பயணி:

அக்காவின் கடைசிப் பத்தியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கல் திருடுபவனைப் பார்த்து எவரும் அழுவதில்லை என்ற தம்பியின் சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன். 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில், எங்கள் பினாங்கிலிருந்து அதிக நேரம் பிடிக்காத பயணத் தொலைவில், பதினொன்றாம் எண்ணிடப்பட்ட சண்டி ஒன்றை, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சத்தை, வீடமைப்புக்காக நிலம் திருத்தியவர்கள் இயந்திரத்தால் தகர்த்துவிட்டார்கள். அங்கே படை வரவில்லை, தீ வரவில்லை, சாபம் வரவில்லை. செய்தியைக் கேட்ட அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முன்பே பலமுறை அந்தப் பள்ளத்தாக்கில் நடந்திருக்கிறேன்; அந்தச் சண்டியைத் தேடிப் போய்ப் பார்க்காமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

கற்பனைத்தச்சன்:

ஐயா, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். தீயை நான் விடப்போவதில்லை. ஆனால் அது மேற்கு மாளிகையோடு நின்றுவிடும். அங்கே தளத்தின்மேல் கரியும் கரியின்மேல் ஓடும் கிடக்கும். கிழக்கு மாளிகையில் ஒரு சாண் வண்டல். எல்லாம் ஓர் இரவில் எரிந்தது என்பதை வென்றவனின் கல்வெட்டு மட்டுமே சொல்லும். கதைநாயகி அந்தக் கல்வெட்டை நம்பிக் குன்றேறி, வண்டலைத் தோண்டும்போது முதன்முறையாக ஐயுறுவாள். அக்கா சொன்ன கூடத்தை வைக்கிறேன், யாருக்குரியது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. சாபத்தை எடுத்துவிட்டேன். கிணற்றுக்கு உறை போட எத்தனை செங்கல் தேவைப்படும் என்று ஊரில் கிணறு வெட்டிய பெரியவர் எவரையேனும் கேட்டுச் சொல்வீர்களா, ஐயா? அடுத்த சந்திப்புக்குள் அந்த அத்தியாயத்தை எழுதிவிட நினைக்கிறேன்.

பட்டவொர்த் பயணி:

கேட்டுச் சொல்கிறேன், தம்பி. கிணறு எத்தனை முழ ஆழம், எத்தனை முழ அகலம் என்பதை முதலில் எழுதி அனுப்புங்கள். செங்கல்லின் அளவையும் முடிவு செய்யுங்கள். அரண்மனைச் செங்கல் ஊர்ச் செங்கல்லைவிடப் பெரியதாக இருந்தால்தான், கிணற்றை எட்டிப் பார்ப்பவளுக்கு அது வேறிடத்திலிருந்து வந்தது என்று தெரியும்.