144 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் டிடெக்டர்: சுற்றுப்படத்தைப் படிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கையடக்க ஹாம் ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தினால், மேசையில் இருக்கும் மீட்டரின் முள் அசைய வேண்டும். அதற்காக ஓர் எளிய டிடெக்டர் செய்து கொண்டிருக்கிறேன்.

படத்தின் இடப்பக்கம் தெளிவாகப் புரிகிறது. ஆன்டெனாவாக அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி, ஏறக்குறைய 50 செ.மீ.; அடுத்து 1என்34ஏ ஜெர்மானியம் டையோடு; பிறகு கிரவுண்டுக்கு இறங்கும் 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர். சிலிக்கான் டையோடு கடத்தத் தொடங்க 0.6 வோல்ட் அளவு தேவை, ஜெர்மானியத்துக்கு அதில் பாதியே போதும். எனவே இந்தத் தேர்வு சரியென்றே நினைக்கிறேன்.

என் முக்கியமான கேள்வி, டையோடுக்கு முன்னால் உள்ள பகுதி பற்றியது. என் படத்தில் கம்பி நேராக டையோடில் சேர்கிறது. வேறு சில படங்களில் அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சிறிய காயில் இருக்கிறது. நேர்மின்னோட்டம் திரும்பி வர வழி வேண்டும் என்பதற்காகவா அது? அப்படியானால் காயிலுக்குப் பதில் ரெசிஸ்டர் போட்டாலும் வேலை செய்யுமா, என்ன மதிப்பில் போடலாம்?

அடுத்து எல்எம்358, அதாவது இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் அடங்கிய ஐசி. படத்தில் ஆம்ப்ளிஃபயரைக் குறிக்கும் முக்கோணத்தில் 1, 2, 3 என்ற கால்கள் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளன. 8ஆம் காலுக்கு 9 வோல்ட், 4ஆம் காலுக்கு கிரவுண்டு என்று எடுத்துக்கொண்டேன். பயன்படாத இரண்டாவது ஆம்ப்ளிஃபயரின் கால்களை அப்படியே விட்டுவிடலாமா?

இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் படத்தையும் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும். சாலிடர் செய்யும் முன் தெளிவு பெற விரும்புகிறேன்.