பென்டிரைவில் தொங்கும் லைசென்ஸ்: ஸ்டூடியோ சர்வருக்குக் காசு கட்டலாமா?

கோரையாறு:
மன்னார்குடியில் கீழே போட்டோ ஸ்டூடியோ, மாடியில் வீடு. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று படமும் வீடியோவுமாக 5 டிபி இருக்கிறது. பெட்டி 6ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், 6 சாட்டா போர்ட். கையிலுள்ள ஹார்ட் டிஸ்க்: 6 டிபி ஒன்று, 4 டிபி இரண்டு, 2 டிபி ஒன்று. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் உண்டு. டிஸ்க்கையெல்லாம் சேர்த்துச் சேமிப்பு சர்வராக்கும் மென்பொருள் வேண்டும்: அன்ரெய்டுக்குக் காசு கட்டலாமா, ட்ரூநாஸை இலவசமாகப் போடலாமா? ரெண்டு பக்கமும் காரணத்தோடு சொல்லுங்கண்ணே.

அரசலாறு:
தம்பி, டிஸ்க் கணக்கைப் பார்த்தாலே பாதி பதில் வந்துடும். அன்ரெய்டில் 6 டிபியை பேரிட்டிக்கு (ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்ததைக் கணக்குப் போட்டு மீட்க உதவுவது) விட்டால் மீதி 4+4+2 = 10 டிபி முழுசா உங்களுக்கு. அதே நாலு டிஸ்க்கை ட்ரூநாஸில் ரெய்டுஇசட்1 (ஒரு டிஸ்க் அளவுக்குப் பேரிட்டி வைக்கும் முறை) போட்டால் எல்லா டிஸ்க்கையும் 2 டிபியாகத்தான் எண்ணும். மூணு ரெண்டு ஆறு. 6 டிபிதான் மிச்சம். மிரர் (ரெண்டு டிஸ்க்கில் ஒரே பிரதி) போட்டாலும் 6+4-இல் 4, 4+2-இல் 2, அதே ஆறுதான். 5 டிபி ஏற்கெனவே இருக்குங்கிறீங்க. அடுத்த முகூர்த்த மாசத்திலேயே இடம் தட்டுப்படும்.

லைசென்ஸ் விஷயம். 2024 மார்ச்சில் முறையை மாத்தினாங்க. அப்போதைய விலை: ஸ்டார்ட்டர் 49 டாலர், 6 டிவைஸ் வரை. அன்லீஷ்டு 109 டாலர், எண்ணிக்கை வரம்பு இல்லை. லைஃப்டைம் 249 டாலர். முதல் ரெண்டிலும் ஒரு வருஷ அப்டேட் சேர்ந்து வரும், அதுக்கப்புறம் வருஷத்துக்கு 36 டாலர். கட்டலைன்னா சர்வர் நிக்காது, புது வெர்ஷன் மட்டும்தான் வராது. உங்களுக்கு நாலு டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி, ஆக 5. ஸ்டார்ட்டரே போதும். ஒரு எச்சரிக்கை: அர்ரேயை (டிஸ்க் தொகுப்பை) ஸ்டார்ட் பண்ணும்போது செருகியிருக்கும் ஸ்டோரேஜ் எல்லாமே கணக்கில் சேரும், பயன்படுத்தாமல் சும்மா கிடக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி கூட. பூட் பென்டிரைவ் மட்டும் விலக்கு.

வெட்டாறு:
அரசலாறு அண்ணன் இடத்தை எண்ணினார், படத்தின் நலத்தை எண்ணவில்லை. அன்ரெய்டின் சாதாரண அர்ரேயில் ஒவ்வொரு டிஸ்க்கும் தனி எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் (கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைப்பதில்லை. ஒரு பிட் கெட்டால் பேரிட்டி செக் "எங்கோ பொருந்தவில்லை" என்று சொல்லும். எந்த டிஸ்க் தவறு என்று அதற்குத் தெரியாது. திருத்தி எழுதச் சொல்லிவிட்டால் டேட்டா டிஸ்க்கையே சரி என்று எடுத்துக்கொண்டு பேரிட்டியை மாற்றிவிடும். கெட்டது நிரந்தரம். ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்திருக்கிறது, எந்தப் பிரதி சரி என்று தெரிந்து தானே திருத்திக்கொள்கிறது. மணமக்கள் திரும்பி வந்து மறுபடி தாலி கட்டப் போவதில்லை, அந்த ஜேபெக் ஒன்றுதான்.

அடுத்தது கரண்ட். திடீரென்று அணைந்தால் அன்ரெய்டு மறுபடி எழுந்ததும் பேரிட்டி செக் தொடங்கும். 6 டிபியை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தாலும் 11 மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் மாலை 5. நடுவில் இன்வெர்ட்டர் இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. இசட்எஃப்எஸ் எழுதும்போது பழைய பிளாக்கைத் தொடுவதில்லை, அதனால் கரண்ட் போனதற்காகத் தனிச் சோதனை தேவையில்லை. ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அரசலாறு:
செக்சம் விஷயத்தில் நீங்க சொல்றது சரி, ஒத்துக்கிறேன். ஆனா 6.12 வெர்ஷனிலிருந்து அன்ரெய்டிலேயே இசட்எஃப்எஸ் உண்டு. முடிஞ்ச ஆல்பத்தை அர்ரேயில், நடப்பு வேலையை எஸ்எஸ்டியில் இசட்எஃப்எஸ்ஸா வெச்சுக்கலாம். இன்னொண்ணு, உங்க முறையில் ஒரு படத்தைத் திறந்தாலும் நாலு டிஸ்க்கும் சுத்தணும். அன்ரெய்டில் அந்தப் படம் இருக்கும் டிஸ்க் மட்டும் எழும். ஒரு டிஸ்க்குக்கு 5 வாட்னு வெச்சாலும் மூணுக்கு 15 வாட் மிச்சம். சர்வர் மொத்தம் 40 வாட் இழுத்தால் ரெண்டு மாசத்துக்கு 57.6 யூனிட். ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி நிக்கிற வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை, அதைத் தாண்டினால் பழைய யூனிட்டுக்கும் சேர்த்து விலைப்படி மாறும்.

பாமணி:
ரெண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஓப்பன்மீடியாவால்ட் (டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் சேமிப்பு சர்வர் மென்பொருள்) போட்டு, மேலே டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ், பேரிட்டி எழுதும் ஸ்னாப்ரெய்டு. மூன்றும் கட்டற்ற மென்பொருள், ஒரு பைசா இல்லை. 6 டிபி பேரிட்டிக்கு, மீதி 10 டிபி இடம். அன்ரெய்டு தரும் அதே அளவு. டிஸ்க் தனித்தனியாக உறங்கும். ஸ்னாப்ரெய்டு கோப்புக்கு ஹாஷும் (செக்சம் போன்றது) வைக்கிறது, ஸ்க்ரப் ஓட்டினால் கெட்ட கோப்பின் பெயரையே சொல்லும்.

குறையையும் சொல்கிறேன். பேரிட்டி உடனுக்குடன் எழுதப்படாது, சிங்க் ஓடும்போதுதான். இரவு 2 மணிக்கு சிங்க் வைத்தால், பகலில் இறக்கிய கல்யாணத்துக்கு அன்றிரவு வரை பாதுகாப்பு இல்லை. அதனால் கேமரா கார்டை அடுத்த நாள் வரை அழிக்கக் கூடாது. சிங்குக்கு முன் டிஃப் (என்ன மாறியது என்று காட்டும் கட்டளை) ஓட்டி, 200 கோப்புக்கு மேல் அழிந்ததாகக் காட்டினால் நிறுத்தும்படி ஸ்கிரிப்டில் வரம்பு வையுங்கள். இல்லையென்றால் யாரோ தவறி அழித்ததை ஸ்னாப்ரெய்டு "சரி" என்று பதிந்துகொள்ளும். ஸ்னாப்ரெய்டு கோப்புப் பட்டியலையும் ஹாஷையும் வைக்கும் கன்டென்ட் கோப்பைக் குறைந்தது மூன்று டிஸ்க்கில் வைக்கவும்.

வெட்டாறு:
பாமணி சொன்னது திருமண ஆல்பம் போல ஒருமுறை எழுதி எப்போதாவது திறக்கும் பொருளுக்குப் பொருந்தும். ஆனால் ஓப்பன்மீடியாவால்ட் மேல் இசட்எஃப்எஸ் போடலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் ஒன்று. இசட்எஃப்எஸ் சிடிடிஎல் உரிமத்தில் வருகிறது, லினக்ஸ் கர்னல் ஜிபிஎல். இரண்டும் ஒட்டாததால் கர்னலோடு சேர்ந்து அது வருவதில்லை. டெபியனில் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் இசட்எஃப்எஸ் மாட்யூல் தனியாக பில்டு ஆக வேண்டும். அது தவறினால் ரீபூட் ஆனதும் பூல் (இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பு) காணாமல் போனது போலத் தெரியும். டேட்டா அங்கேயேதான் இருக்கும், பதற வேண்டாம். பழைய கர்னலில் பூட் செய்தால் திரும்பிவிடும். ட்ரூநாஸில் கர்னலையும் மாட்யூலையும் பொருத்தியே தருகிறார்கள், இந்தத் தொல்லை இல்லை. உரிமம் என்பது காசு மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மாடிவீடு:
எதுக்கு இவ்வளவு பேச்சு? அன்ரெய்டு கிராக் டெலிகிராமில் கிடைக்குது. இல்லைன்னா 300 ரூபாய்க்கு விண்டோஸ் கீ வாங்கி ஷேர் பண்ணிட்டுப் போங்க.

அரசலாறு:
வேண்டவே வேண்டாம். கிராக் செய்த பூட் இமேஜ் ரூட் அதிகாரத்தோட ஓடும். ஸ்டூடியோ வாடிக்கையாளர் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படமெல்லாம் அதுக்குள்ளதான். உள்ளே என்ன வெச்சிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. அப்டேட் போட்டால் உடையும்னு அப்டேட்டும் போட மாட்டீங்க. காசு இல்லைன்னா ட்ரூநாஸ் போடுங்க, இதைத் தொடாதீங்க.

வெட்டாறு:
இதில் அண்ணனோடு முழு உடன்பாடு. விண்டோஸ் கீ பற்றி: ஓஇஎம் (கணினியோடு சேர்த்து விற்கும்) உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது. இடி விழுந்தோ வோல்டேஜ் ஏறியோ போர்டு போனால் உரிமமும் அதோடு போயிற்று. ரீடெய்ல் உரிமத்தை மட்டும்தான் வேறு போர்டுக்கு மாற்றலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது, 6ஆம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இந்தப் பெட்டிக்கு அந்த வழியே கிடையாது.

கோடியக்கரை:
கடலோரத்திலிருந்து ஒரு கேள்வி. அன்ரெய்டு லைசென்ஸ் பென்டிரைவின் ஜியுஐடியோடு (அதன் அடையாள எண்ணோடு) கட்டியது. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் ஜெனரேட்டரில் சர்வரை ஏற்றும்போது பென்டிரைவ் செத்துப் போனால் என்ன செய்வது? புது பென்டிரைவுக்குக் கீயை மாற்ற இணையம் வேண்டுமே. நம் வீட்டுப் படத்தைத் திறக்க யாரோ ஒருவர் அனுமதி தர வேண்டியிருக்கிறதே.

அரசலாறு:
நல்ல கேள்வி, விவரமா சொல்றேன். காசு கட்டின லைசென்ஸ் அன்றாடம் ஓட இணையம் கேட்காது. 30 நாள் ட்ரயல்தான் அர்ரே ஸ்டார்ட் பண்ண இணையம் கேட்கும். பென்டிரைவ் செத்தால் கீயை மாத்த இணையம் வேணும், அது உண்மை. ஆனா படம் பூட்டிக் கிடக்காது. எந்த லினக்ஸ் லைவ் பென்டிரைவிலும் பூட் பண்ணி, டேட்டா டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாக, நோரிகவரி (எதையும் திருத்தி எழுதாதே என்ற ஆப்ஷன்) சேர்த்து மவுன்ட் பண்ணினால் கோப்பெல்லாம் அப்படியே இருக்கும். எழுதும்படி மவுன்ட் பண்ணிட்டால் பேரிட்டி பொருந்தாமப் போயிடும், அதை மட்டும் கவனிக்கணும். விண்டோஸ் லேப்டாப் எக்ஸ்எஃப்எஸ்ஸைப் படிக்காது, அதனால் லைவ் பென்டிரைவை முன்கூட்டியே தயார் பண்ணி வையுங்க.

இணையம் வந்ததும் மாத்துற முறை: மெயின் பக்கத்தில் ஃப்ளாஷைத் தொட்டு ஃப்ளாஷ் பேக்கப் எடுத்து வெச்ச ஜிப்பைப் புது பென்டிரைவில் ஏத்தி, பூட் பண்ணி, டூல்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் போய் ரீப்ளேஸ் கீ. 12 மாசத்துக்கு ஒரு தடவை தானாக மாறும், அதுக்குள்ள மறுபடி செத்தால் அவங்களுக்கு மெயில் எழுதணும். பழைய பென்டிரைவ் அதோடு தடைப்பட்டியலுக்குப் போயிடும்.

இதில் எல்லாரும் வழுக்குற இடம் ஒண்ணு. பழைய ஜிப்பில் பழைய டிஸ்க் ஒதுக்கீடு இருக்கும். நடுவில் பேரிட்டி டிஸ்க்கை மாத்தியிருந்து அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் அழுத்தினால், டேட்டா டிஸ்க் மேல் பேரிட்டியை எழுதிடும். எந்த சீரியல் நம்பர் எந்த இடத்தில்னு தாளில் எழுதி கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்க. விலை மலிந்த பென்டிரைவில் பலதுக்கும் ஒரே ஜியுஐடி இருக்கும், அதை ஏத்துக்காது. பெயருள்ள கம்பெனியின் யுஎஸ்பி 2.0 பென்டிரைவ், பின்பக்க போர்ட்டில்.

வெட்டாறு:
ட்ரூநாஸில் இந்தப் படலமே இல்லை. பூட் எஸ்எஸ்டி செத்தால் எந்த எஸ்எஸ்டியிலும் மறுபடி இன்ஸ்டால் செய்து, கான்ஃபிக் கோப்பை ஏற்றி, பூலை இம்போர்ட் செய்தால் முடிந்தது. இணையம் தேவையில்லை, ஐஎஸ்ஓ மட்டும் கையில் இருக்க வேண்டும். கான்ஃபிக் கோப்பை இறக்கும்போது சீக்ரெட் சீடையும் (சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்கும் சாவி) சேர்த்து இறக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். என்கிரிப்ஷன் போட்டிருந்தால் அதன் கீ கோப்பைத் தனியே இறக்கி வேறு வீட்டில் வையுங்கள். அது தொலைந்தால் கடவுள் வந்தாலும் திறக்க முடியாது.

தம்பிக்கு ஒரு செலவு உண்டு. பூட் டிஸ்க்கில் டேட்டா வைக்க முடியாது. 500 ஜிபியை அதற்குத் தின்னக் கொடுக்காமல் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினால் 6 போர்ட்டும் நிறையும். டிஸ்க் சேர்ப்பது பற்றியும் பழைய பயம் வேண்டாம், 24.10 வெர்ஷனிலிருந்து ரெய்டுஇசட்டில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்கலாம். முன்பே எழுதிய டேட்டா பழைய விகிதத்திலேயே இருக்கும், திரும்ப எழுதினால்தான் இடம் முழுசாகக் கிடைக்கும்.

பாமணி:
அரசலாறு அண்ணே, லைஃப்டைம் எப்போது லாபம் என்று சொல்லவில்லை. ஸ்டார்ட்டர் 49, அதன்மேல் வருடம் 36. ஐந்து தடவை புதுப்பித்தால் 229, ஆறாவது தடவையில் 265, லைஃப்டைமைத் தாண்டிவிடும். அன்லீஷ்டில் நாலாவது புதுப்பிப்பிலேயே 253. ஸ்டார்ட்டர் போதும் என்பவருக்கு ஏழு வருடம் ஓட்டுவோம் என்றால்தான் 249 கொடுப்பதில் அர்த்தம். வருடா வருடம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கைவசம் உள்ள வெர்ஷன் கிளைக்குள் வரும் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும். அந்தக் கிளை நின்றபிறகு கட்டினால் போதும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறந்துவிடுங்கள்.

கோடியக்கரை:
எந்த மென்பொருள் என்றாலும் நம் பக்கத்துக்கு இதைச் செய்யாமல் தொடங்காதீர்கள். இன்வெர்ட்டருக்குப் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று சர்வருக்குச் சொல்லத் தெரியாது. அதன் பின்னால் யுஎஸ்பி உள்ள 600 விஏ யுபிஎஸ் ஒன்று, யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் (NUT) மென்பொருளில் 5 நிமிடத்தில் அணைக்கும்படி. யுபிஎஸ் பேட்டரி 12 வோல்ட் 7 ஏஎச்தான், பழசானால் 10 நிமிடம்கூடத் தாங்காது. ஆனால் இன்வெர்ட்டர் தரும் கரண்டை யுபிஎஸ் மெயின் கரண்டாகவே எண்ணும். ஆகவே இன்வெர்ட்டர் லைன் இல்லாத பிளக்கில் ஒரு பழைய ரவுட்டரைச் செருகி, லேன் ஒயரால் சுவிட்சில் இணைத்து, சர்வரிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்யுங்கள். 60 நிமிடம் பதில் இல்லையென்றால் ஷட்டவுன். குறுவைக்கு மோட்டார் ஓடும் மாதங்களில் வோல்டேஜ் இறங்கும், ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் வசதி) உள்ள யுபிஎஸ்ஸாகப் பாருங்கள்.

உப்புக்காற்றில் சாட்டா முனை கறுக்கும். ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நலத்தைச் சொல்லும் பட்டியல்) 199ஆம் வரிசையின் எண்ணிக்கை ஏறினால் கேபிள்தான், கழற்றித் துடைத்துச் செருகுங்கள். 5, 197, 198 ஏறினால் டிஸ்க்கே போகிறது. பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம், பரணிலும் வேண்டாம். கத்தரி வெயிலில் பரணில் டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டும்.

கோரையாறு:
அண்ணன்மாருக்கு நன்றி. 10 டிபி வேண்டும், கடையில் நான் இல்லாத நாளில் வீட்டில் உள்ளவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அன்ரெய்டு பக்கம் சாய்கிறேன். ஆனால் வெட்டாறு அண்ணன் சொன்ன செக்சம் விஷயம் உறுத்துகிறது.

வெட்டாறு:
உறுத்த வேண்டும் தம்பி. அன்ரெய்டு போட்டால், அர்ரே டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குப் பதில் இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். தனி டிஸ்க் என்பதால் தானே திருத்தாது, ஆனால் எந்தக் கோப்பு கெட்டது என்று பெயர் சொல்லும். அர்ரேயில் எழுதும் வேகம் குறையும், ஆல்பத்துக்கு அது பரவாயில்லை. கெட்டதை எங்கிருந்து மீட்பது? திருச்சியிலோ சென்னையிலோ உறவினர் வீட்டில் வைக்கும் 8 டிபி வெளி டிஸ்க்கிலிருந்து. அதை வாங்காமல் எந்த லைசென்ஸுக்கும் காசு கட்டாதீர்கள்.

அரசலாறு:
அதை அப்படியே வழிமொழிகிறேன். முதலில் 30 நாள் ட்ரயல் போடுங்க. ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் (ரேம் சோதனை), அப்புறம் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ப்ரீகிளியர் (டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கிறது). 6 டிபிக்கு ஒன்றரை நாள் ஆகும். ப்ரீகிளியர் டிஸ்க்கை முழுசா அழிச்சிடும், அதனால் அந்த 5 டிபியை வெளி டிஸ்க்குக்கு மாத்தி, நாலு படம் திறந்து பார்த்தபிறகுதான் முதல் டிஸ்க்கைத் தொடணும்.